பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்

இல்லாத இரண்டு விரல்களும் விடிந்ததிலிருந்து வலித்துக்கொண்டிருந்தன. வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் இருந்த இடத்தில் இப்போது இரண்டு மொட்டைக் கட்டைகள்தான். வலி கட்டையில் இல்லை. அதற்கும் மேலே, வெறும் காற்றில், நகம் இருந்த இடத்தில் நின்று குத்தியது. நரம்பு செய்கிற வேலை என்று டாக்டர் சொன்னார். "என் விரலை வாங்கி வெச்சிருக்கிறவர் கொஞ்சம் லேசாப் பிடிக்கலாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தவள் மூடியக்கா.

தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் பிரஸ் இயந்திரத்தில் டப்பா மூடி அடித்தவள். அதனால் எல்லாருக்கும் மூடியக்கா. விரல் போன பிறகு மூடி சரிபார்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஓரம் வளைந்த மூடி இடப்பக்கக் கூடைக்கு, நல்ல மூடி வலப்பக்கக் கூடைக்கு. மிச்சமிருக்கும் விரலுக்கு இது போதும் என்று மேலாளர் முடிவு செய்திருந்தார்.

அந்த ஷெட்டில் பன்னிரண்டு பிரஸ்கள். பன்னிரண்டும் ஒன்றாக இறங்கி ஏறும்போது, காதுக்குள் ஒருவன் குடிவந்து சுத்தியலால் அடிப்பது போலிருக்கும். அங்கே குரலால் ஒரு பிரயோசனமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் எந்தப் பெண்ணும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். நாற்பதடி தள்ளி நிற்கிறவள் மாமியாரைத் திட்டினால் இந்தக் கோடியில் நிற்கிறவள் சிரிப்பாள். மேலாளர் கண்ணாடி அறைக்குள் போனில் பேசுவதைக்கூட வெளியிலிருந்தே படித்துச் சொல்லும் கெட்டிக்காரி குண்டூசி. எட்டாம் நம்பர் பிரஸ்காரி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பட்டம்.

பத்தரை மணி இருக்கும். குண்டூசி எட்டாம் நம்பரிலிருந்து உதட்டை அசைத்தாள்.

"உன் வீடியோ வந்துடுச்சு."

மூடியக்காவின் கையிலிருந்த மூடி எந்தக் கூடைக்கும் போகாமல் கையிலேயே நின்றது.

மூன்று வாரத்துக்கு முன் பிரார்த்தனைக் கூடத்தில் எடுத்த வீடியோ அது. கூடத்துக்குச் சொந்தமாக ஒரு சேனல் உண்டு. கடவுளை அனுபவித்தவர்கள் வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள்; கேமராக்காரர் பதிவு செய்து ஏற்றுவார். மூடியக்காவைத் தேடி வந்தது அவர்கள்தான். பின்னால் வெள்ளைத் துணி, முன்னால் இரண்டு விளக்கு, நடுவில் ஒரு நாற்காலி. "மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லுங்கம்மா" என்றார் கேமராக்காரர். அவள் அப்படியே சொன்னாள். பதினோரு நிமிடம்.

சொன்னது இதுதான். வேகம் குறைகிறது என்று, கை உள்ளே போகாமல் காக்கும் பிரஸ்ஸின் முன்தடுப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் மதியத்துக்கு முன், அச்சு இறங்கி அவள் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. மோட்டார் மட்டும் உறுமியது. இன்னொரு தள்ளு தள்ளியிருந்தால் மணிக்கட்டு வரை போயிருக்கும். தரை பெருக்குகிறவள் துடைப்பத்தை வீசிவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தாள். பன்னிரண்டு பிரஸ்ஸும் நின்றன. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் அந்த ஷெட்டில் சத்தமில்லை. மெக்கானிக் வந்து அச்சைப் போல்ட் போல்ட்டாகக் கழற்ற நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அவளுக்கு இடப்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. பார்க்காமல் இருந்தால் இருந்தார். பேசவில்லை. பயப்படாதே என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் மேலிருந்து வேர்வை வாடை வந்தது, ஷிப்ட் முடிந்து களைத்தவர்கள் மேல் வருகிற அதே வாடை. விரலைக் காப்பாற்றவில்லை. கூட இருந்தார், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். அனுமதியில்லாமல் மெயினை நிறுத்தி ஒரு ஷிப்ட் உற்பத்தியைக் கெடுத்ததாகப் பெருக்குகிறவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்கு முன்பே, மூடியக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மேலாளர் ஒரு தாளோடு வந்தார். தடுப்பைத் தானே கழற்றியதாகவும், மின்சாரம் தானாகவே போனதாகவும், பெருக்குகிறவள் மெயினைத் தொட்டதற்கும் தன்னைக் காப்பாற்றியதற்கும் சம்பந்தமில்லை என்றும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மூடியக்காவுக்கு வேலை இருக்கும் என்றார். இடது கையால் போட்டாள். இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளைத் துணிக்கு முன்னால் சொன்னபோதுதான் அழுகை வந்தது.

அந்தப் பதினோரு நிமிடம் வெளியே வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஷெட்டுக்குள் போன் கூடாது. குண்டூசி காலி மூடிப் பெட்டிக்குள் போனை வைத்து, சரக்குக் கொண்டுவருகிறவள் போல மேசைக்கு வந்தாள். பெட்டிக்குள் சின்னத் திரையில் மூடியக்காவின் முகம் அழுதுகொண்டிருந்தது. கீழே எழுத்து ஓடியது: கடவுள் தம் கரத்தால் மின்சாரத்தை நிறுத்தினார்.

"கீழ ஓடுறது வேற, உன் வாய் பேசுறது வேற" என்று குண்டூசியின் உதடு சொன்னது. "உன் வாய், பெருக்குறம்மா ஓடிப்போய் மெயினை இழுத்தாங்கன்னு சொல்லுது."

"அதைத்தான் சொன்னேன்."

"இரு." குண்டூசி பெட்டிக்குள் குனிந்தாள். கீழே, இப்போது எனக்கு வலியே இல்லை, எல்லாம் அவர் அருள் என்று ஓடியது. குண்டூசி மேலே ஓடும் உதட்டை மட்டும் பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை. விரலால் இழுத்து அதே இடத்தை மறுபடி ஓட்டினாள்.

"எந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டே?"

மூடியக்கா ஒரு மூடியை எடுத்து அதன் ஓரத்தைத் தடவினாள்.

"பெருக்குறம்மாவை அனுப்பினது அவங்களா முடிவு பண்ணினதுன்னு நாங்க நெனச்சிட்டிருக்கோம். நீ எழுதிக் குடுத்தியா?"

"போட்டேன்" என்றாள் மூடியக்கா. உதட்டை ஒளிக்க அந்த ஷெட்டில் வழியில்லை. நாலாம் நம்பர் பிரஸ்காரியும் ஒன்பதாம் நம்பர் பிரஸ்காரியும் திரும்பிப் பார்த்தார்கள்.

குண்டூசி பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மதியம் முற்றத்தில் எல்லாரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து சத்தத்தோடு கேட்டபோது அவள் மட்டும் தள்ளி உட்கார்ந்தாள். போனில் வந்தது மூடியக்காவின் குரலே இல்லை. வேறொரு பெண்ணின் குரல், தேனில் நனைத்துப் பிழிந்தது போல.

"யாருக்கா இது, ரயில் வரும் போகும்னு சொல்ற பொம்பளையா?" என்றாள் நாலாம் நம்பர்.

"மூடியக்கா குரலை வெச்சா பாக்கிறவன் பயந்து ஓடிடுவான். கத்திக் கத்தித் தகரமாயிடுச்சு" என்றாள் ஒன்பதாம் நம்பர்.

சிரித்தார்கள். மூடியக்காவும் சிரித்தாள். பதினோரு நிமிடம் மூன்று நிமிடமாகியிருந்தது. வேர்வை வாடை இல்லை. பெருக்குகிறவள் இல்லை. கழற்றிய தடுப்பு இல்லை. ஆனால் அழுத முகம் பார்க்க நன்றாக இருந்ததால் அந்த முகத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். அந்த முகத்தில் ஒரு வாய் இருக்கிறது, அது எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வாயை மூடிவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். பிரஸ் ஷெட்டில் ஒரு நாள் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனாள். கேமராக்காரர் கம்ப்யூட்டர் முன் இருந்தார். கூடத்துத் தலைவர் உள்ளே இருந்து வந்து, "வாங்கம்மா, உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "ஒரே நாள்ல ஒரு லட்சம் பேர் பாத்திருக்காங்க."

"அது நான் சொன்ன கதை இல்லைங்கய்யா."

"கதை உங்களதுதான். கொஞ்சம் துடைச்சுக் குடுத்திருக்கோம். அவ்வளவுதான்."

"துடைச்சதுல ஆளே போயிடுச்சு. மெயினை நிறுத்தினது பெருக்குறம்மா."

"அந்தம்மா மனசுல புகுந்து நிறுத்த வெச்சது யாரு? அதைத்தானே நாங்க சொல்றோம்."

"அப்ப அந்தம்மாவை வேலையை விட்டு அனுப்ப வெச்சதும் அவர்தானாங்கய்யா?"

கேமராக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதெல்லாம் தொழிற்சாலை விவகாரம். பாக்கிறவங்களுக்கு எதுக்கு? அப்புறம் அந்த வேர்வை வாடை. கடவுளுக்கு வேர்க்குமாம்மா? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"என் பக்கத்துல வந்தவருக்கு வேர்த்துச்சு. உங்க பக்கத்துல வர்றவருக்கு வேர்க்காம இருக்கலாம்."

தலைவர் சிரிக்கவில்லை. கேமராக்காரரிடம் போனை வாங்கி அவளிடம் நீட்டினார். "இதைப் படிங்க." ஆஸ்பத்திரியில் கிடக்கும் யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: இந்த அக்கா வலியே இல்லை என்று சொல்லும்போது எனக்கும் போய்விடும் என்று நம்பிக்கை வருகிறது.

மூடியக்கா இரண்டு முறை படித்தாள். முகம் தெரியாத அந்தப் பெண் எந்தக் கட்டிலில், எந்த வலியோடு படுத்துக்கொண்டு தன் முகத்தைப் பார்க்கிறாளோ. இந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னால் அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கியது போல ஆகாதா?

"ஒரு ஆத்துமாவுக்கு ஆறுதல்" என்றார் தலைவர் மெதுவாக. "அதைக் கெடுக்கணுமா?"

அந்த நேரத்தில் காற்றில் நின்ற அந்த இரண்டு விரலும் சுள்ளென்று இழுத்தன.

"எனக்கு வலிக்குதுங்கய்யா" என்றாள். "இப்பவும் வலிக்குது. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு வலி போகலைன்னா என்ன நெனப்பா? மூடியக்காவுக்குப் போச்சு, நமக்குப் போகலை, நம்ம மேல ஏதோ குத்தம் இருக்குன்னு நெனப்பா. வலி போகாமலே அவர் கூட உக்காருவார்னு சொன்னாத்தான் அவளுக்கு ஆறுதல். நான் சொன்னதும் அதுதான். நீங்க வெட்டினதும் அதைத்தான்."

தலைவர் எழுந்துவிட்டார். "உங்க மேலாளரும் நம்ம கூடத்து நிர்வாகத்துல இருக்கார். தெரியும்ல? இந்த விளக்கு ரெண்டும் அவர் வாங்கிக் குடுத்தது. அவருக்கும் உங்க மேல நல்ல அபிப்பிராயம்தான். அதைக் காப்பாத்திக்கோங்க."

யாருக்காக வெட்டினார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த இரண்டு விளக்கையும் நிமிர்ந்து பார்த்தாள். நல்ல விளக்குகள்தான். தன் முகத்தில் ஒரு சுருக்கம்கூடத் தெரியாமல் காட்டியிருந்தன.

"அந்த வீடியோவை எடுத்துடுங்க" என்றாள்.

"முடியாதும்மா."

"சரி. அப்ப அது அங்கேயே இருக்கட்டும். நல்லதாப் போச்சு."

கேமராக்காரர் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். ஏன் நல்லது என்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும் அப்போது பாதிதான் புரிந்திருந்தது.

மறுநாள் மதிய இடைவேளை. மூடியக்கா முற்றத்தில் தகடு வெட்டிய கழிவு மலைபோலக் கிடக்கும் மூலைக்குப் போனாள். வெயிலில் அந்தக் குவியல் கண்ணைக் குத்தும். குண்டூசி தானாகவே எழுந்து அவள் பின்னால் வந்தாள். நேற்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

"கூடத்துல என்ன சொன்னாங்க?"

"எடுக்க மாட்டாங்களாம்."

"எடுக்க வேணாம்னு நீயே சொல்லு. உன் வாய் அதுல இருக்கு. சத்தத்தை நிறுத்திட்டு அதைப் படிக்கிறதுக்கு இந்த ஷெட்ல பதினேழு பேர் இருக்கோம்."

மூடியக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இரவெல்லாம் தானும் இதையே புரட்டிப் புரட்டி யோசித்திருந்தாள். வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

"எனக்கு உன் மேல கோபம் போகலை" என்றாள் குண்டூசி. "பெருக்குறம்மா போன அன்னிக்கு நான் கேட்டுக்கு ஓடிப்போய் அவங்க பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீ ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கே. போகாது. ஆனா இதைப் படிச்சுக் குடுக்கிறேன். அது வேற, இது வேற."

குண்டூசி கைகாட்டியதும் நாலாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் வந்தார்கள். நாலாம் நம்பர் தன் போனைத் தகடுக் குவியல் மேல் சாய்த்து வைத்தாள். ஒன்பதாம் நம்பர் வெயில் படாமல் துப்பட்டாவைப் பிடித்தாள். குண்டூசி ஒரு டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்து, கூடத்து வீடியோவைச் சத்தமில்லாமல் இன்னொரு போனில் ஓடவிட்டு, கேமராவுக்கு முன் நீட்டிப் பிடித்தாள். பக்கத்தில் மூடியக்கா.

"வணக்கம்" என்றாள் குண்டூசி. "நாங்க மூடி அடிக்கிறவங்க. எங்களுக்குக் காது பாதிதான் கேக்கும், கண்ணு முழுசாக் கேக்கும். இந்த அக்கா என்ன சொல்றாங்கன்னு இப்பச் சொல்றேன். கீழ ஓடுற எழுத்தைப் பாக்காதீங்க, வாயைப் பாருங்க."

படித்தாள். ஒரு வரி ஓடவிட்டு நிறுத்தி, அதைச் சொல்லி, அடுத்ததை ஓடவிட்டாள். 'பெருக்குறம்மா துடைப்பத்தை வீசிட்டு ஓடினாங்க. மெயினை இழுத்தாங்க.' நிறுத்தினாள். 'தடுப்பைக் கழட்டச் சொன்னது மேலாளர்.' நிறுத்தினாள். 'ஆஸ்பத்திரிக்கு ஒரு தாள் கொண்டுவந்தார்.' அங்கே நிறுத்தியவள் மறுபடி ஓட்டவில்லை. திரையில் மூடியக்காவின் முகம் வாய் பாதி திறந்து அழுதபடி நின்றது.

"அடுத்ததை நான் படிக்க மாட்டேன்" என்றாள். "பக்கத்துலதான் உக்காந்திருக்கே. நீயே சொல்லு."

"வேலை போயிடும்டி."

"போகும்."

நாலாம் நம்பர், "வெட்டிடலாம்க்கா, அந்த இடத்தை விட்டுடலாம்" என்றாள்.

"வெட்டுறதுக்கு அவங்க இருக்காங்க" என்றாள் மூடியக்கா. கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். வலது கையைத் தூக்கி அதன் முன் பிடித்தாள். மூன்று விரல், இரண்டு கட்டை. சத்தமேயில்லாத முற்றத்தில், பிரஸ்ஸுக்கு மேலே கேட்க வேண்டும் என்பது போலப் பேசினாள். அவளுக்கு வேறு குரல் கிடையாது.

"கரண்ட் தானாப் போச்சுன்னு நான் எழுதிக் குடுத்தேன். பொய். என் கையைக் காப்பாத்தின பொம்பளையோட வேலை என் கையெழுத்தாலதான் போச்சு. இந்தக் கையில ரெண்டு விரல் வரவே இல்லை, தினமும் வலிக்குது. அன்னிக்கு என் பக்கத்துல ஒருத்தர் வந்து உக்காந்தார். அதுவும் நெசம். கரண்ட்டை நிறுத்தினது அவர் இல்லை. அவர் உக்காந்தார், பெருக்குறம்மா நிறுத்தினாங்க. அந்தம்மா செஞ்சதை எடுத்து அவர் பேருக்கு மாத்தினா அவருக்கே பிடிக்காது. எனக்கு அவரை நாப்பது நிமிஷம் தெரியும். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இதைப் பாக்கிற பொண்ணே, உனக்கு வலி போகலைன்னா உன் மேல தப்பு இல்லை. இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு வை. அவ்வளவுதான்."

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மூன்றாம் நாள் மேலாளர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். முற்றத்தில் எடுத்துப் பெண்கள் போட்ட வீடியோவை அதுவரை பார்த்தவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். கூடத்து வீடியோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அதன் கீழே வருகிறவர்கள் இப்போது சத்தத்தை நிறுத்திவிட்டு வாயைப் பாருங்கள் என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

மேசை மேல் ஒரு தாள் இருந்தது. உடல்நிலை சரியில்லாத நேரத்தில் தவறாகப் பேசிவிட்டேன் என்று தொடங்கியது.

"படிக்க வேணாம். கீழ போடு" என்றார் மேலாளர்.

"முதல் தாளைத் திருப்பிக் குடுங்க சார். இதை அப்புறம் பாக்கலாம்."

"எந்தத் தைரியத்துல பேசுற நீ?"

"தைரியம் எல்லாம் இல்லை சார். கால் நடுங்குது, பாருங்க." தாளை அவர் பக்கம் தள்ளினாள். "நடுங்கினாலும் போட மாட்டேன்."

அவர் ஒரு வாரம் யோசிக்கச் சொன்னார். அவள் மேசைக்குத் திரும்பி, இடது கூடை, வலது கூடை என்று பிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு வெளியே பன்னிரண்டு பிரஸ்காரிகளும் குனிந்து வேலை பார்த்தார்கள். கண்ணாடி வழியே எல்லாரும் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் பெண்கள் போட்ட வீடியோவின் கீழே ஒரு வரி வந்தது. பெருக்குகிறவளின் மகள் எழுதியிருந்தாள்: அம்மாவிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டது அவர்களுக்கு அப்போதே தெரியுமாம். அம்மாவுக்கு இன்னும் நிலையான வேலை கிடைக்கவில்லை.

மூடியக்கா அதைக் குண்டூசியிடம் காட்டினாள். குண்டூசி படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மூடியக்கா இடது கையால் எழுத்தெழுத்தாகத் தட்டி, உங்கள் வீடு எங்கே என்று கேட்டாள். இரண்டு நாளாகியும் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டும் எழுதலாம்தான். ஆனால் அந்தம்மாவிடமிருந்து போனது மன்னிப்பு இல்லை. போனது ஒரு வேலை. மாதா மாதம் சம்பளம் வந்த, பதினோரு வருடம் பார்த்த ஒரு வேலை. மூடியக்கா அந்தம்மாவுக்குத் திருப்பித் தர வேண்டியது அந்த வேலையைத்தான். இன்னும் தரவில்லை.